எந்தக் கதவை முதலில் தட்டுவது? கம்பம்–குமுளி எல்லையில் வீட்டு வன்முறைக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துப் பெண்ணைக் கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று மலைக்கு மேலே கட்டிக்கொடுத்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "அடிச்சா எங்க போய்ச் சொல்றது, கேரளாவிலயா, நம்ம ஊர்லயா?" சட்டப்படி பதில் எளிது, இரண்டில் எங்கும் சொல்லலாம். கஷ்டமான கேள்வி வேறு. எந்தக் கதவைத் தட்டினால் எத்தனை மணி நேரத்தில் கணவருக்குத் தெரியவரும்? தெரிந்த பிறகு அன்றிரவு நீங்கள் எங்கே படுத்திருப்பீர்கள்? கீழே உள்ள வழிகளை எல்லாம் முதலில் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். சட்டப் பிரிவுகள் அதற்குப் பிறகு.

சண்டையும் வதையும்

சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. இருவரும் கத்துவார்கள், இருவரும் ஓய்வார்கள், மறுநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்ற பேச்சில் அது கரைந்துபோகும். வதை நடக்கும் வீட்டில் ஒருவர் மட்டும்தான் பயப்படுகிறார். சாயங்காலம் ஜீப் வந்து லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் உங்கள் கை தானாகப் போனை எடுத்து, பேசிய எண்களை அழிக்கிறதா? பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்குகிறார்களா? ஒரு அடிகூட விழாத வீட்டிலும் இது நடக்கும்.

அடிக்கு முன்னால் பெரும்பாலும் காசு வந்து நிற்கும். ஏலக்காய் எடுத்த கூலி முழுக்க அவர் கைக்குப் போய்விடும், பஸ்ஸுக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டும். ஆதார், ஏ.டி.எம். கார்டு, பேங்க் புத்தகம் எல்லாம் அவர் பெட்டியில் இருக்கும். அம்மா வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் தவறாமல் ஒரு சண்டை மூண்டு பயணம் நின்றுபோகும். அடித்த மறுநாள் அழுகை, மன்னிப்பு, ஒரு புடவை, பரோட்டாப் பொட்டலம். சில நாள் அமைதிக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து. "நீ போனா மருந்தக் குடிச்சிருவேன்" என்பதும் உங்களைக் கட்டிப்போடும் கயிறுதான். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதை வாய்ப்பேச்சு என்று தள்ளவும் முடியாது. 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள். அதற்காக அங்கேயே தங்கிவிட வேண்டியதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005-இல் இயற்றப்பட்டு, 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறையில் உள்ளது) உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதாரம் என்ற நான்கையும் வன்முறை என்றே சொல்கிறது. கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் அடங்கும். ஊரறியத் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணம் என்றாலும் மனு போடலாம். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும், அந்த வீட்டில் வாழ்ந்த தாய்க்கும் சகோதரிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தெளிவானது.

அன்றே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒப்பீட்டுக்கு வேலையில்லை. கழுத்தை நெரித்தது, அரிவாளையோ கத்தியையோ காட்டியது, கொன்றுவிடுவேன் என்றது, வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது அடித்தது, பிரிவு என்ற பேச்சு எழுந்ததும் பின்தொடர ஆரம்பித்தது: இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் உயிருக்கு ஆபத்து சாதாரண அளவைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து நெரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் அதை அடியோடு சேர்த்துக்கூட எண்ணுவதில்லை. வெளியே தடமே இல்லாமல் உள்ளே வீங்கும். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், தன்னறியாமல் சிறுநீர் போனது ஆகியவை அடையாளங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் "கழுத்தை நெரித்தார்" என்ற சொல்லையே சொல்லுங்கள். கழுத்து வலி என்று சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் இப்படி வரும் காயத்துக்கு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவார்கள். யார், எதனால், எப்போது அடித்தது என்று அதில் எழுதப்படும். வெட்கத்தில் "படியில விழுந்துட்டேன்" என்றால் அதுவும் அப்படியே பதிவாகும், பின்னால் அவருடைய வக்கீல் நீட்டும் முதல் காகிதம் அதுதான். இன்னொன்று: ஏ.ஆர். போட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். ஆகவே ஆஸ்பத்திரியும் ஒரு கதவுதான், அங்கிருந்து நேரே அவர் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் திட்டத்தோடு போகாதீர்கள்.

பெரியவர்களை வைத்துப் பேசுவது

நம் பக்கம் முதலில் நடப்பது இதுதான். மாமாவும் சித்தப்பாவும் மேலே ஏறிப்போய், காபி குடித்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போத்தா" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லாமல், கணவரும் பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறவராக இருந்தால் சில வீடுகளில் பலன் கிடைத்திருக்கிறது. மற்ற வீடுகளில் இந்தப் பேச்சு ஒரே வேலையைத்தான் செய்கிறது: நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுகிறது. பஸ் இறங்கிய பிறகு கதவு சாத்தப்படும்.

பேசித்தான் ஆக வேண்டுமென்றால், பேச்சு நடக்கும்போது நீங்களும் பிள்ளைகளும் கம்பத்தில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டதைத் தேதியோடு எழுதி, அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்ட தாள் உங்களிடம் இருக்க வேண்டும். பின்னால் வழக்கென்று வந்தால் அது உதவும். கேரளப் பஞ்சாயத்துகளில் வார்டு வரைக்கும் ஜாக்ரதா சமிதி (பெண்கள், குழந்தைகள் மீதான கொடுமைகளைக் கவனிக்கும் குழு) உண்டு. அமைப்பு நல்லதுதான், ஆனால் வார்டு சின்னது, உறுப்பினருக்கு உங்கள் கணவரையும் தெரிந்திருக்கும். உயிர்பயம் உள்ளவர்களுக்கு அதை முதல் கதவாக நாங்கள் சொல்ல மாட்டோம்.

நேரே அம்மா வீட்டுக்கு

"வீட்டை விட்டு வந்துட்டா எல்லா உரிமையும் போயிரும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது, தவறான பயம். அந்த வீட்டில் எப்போதாவது வாழ்ந்திருந்தாலே அங்கு வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் கேட்க இடமுண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்மா வீட்டின் குறை அவருக்கு முகவரி தெரியும் என்பது. முதலில் அங்கேதான் வந்து நிற்பார். ஆபத்து அறிகுறி உள்ளவர்கள் முதல் சில இரவுகளுக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது. அடுத்த வழி அதற்குத்தான்.

181-உம் ஒன் ஸ்டாப் சென்டரும்

181 பெண்களுக்கான உதவி எண், இரண்டு மாநிலத்திலும் உண்டு, 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை. மலைச்சரிவில் உங்கள் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து மறுமுனையில் மலையாளம் கேட்கலாம். பதறி வைத்துவிடாதீர்கள். "தமிழ்" என்று ஒரு சொல், ஊர்ப்பேர், இப்போது பாதுகாப்பாகப் பேச முடியுமா முடியாதா: இந்த மூன்றையும் முதல் அரை நிமிடத்தில் சொல்லுங்கள். இடையில் அவர் வந்துவிட்டால் லைன் துண்டிக்கப்படும், அவர்கள் திரும்ப அழைத்தால் அவரே எடுப்பார். எனவே "திரும்பக் கூப்பிடாதீங்க" என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன் ஸ்டாப் சென்டர் என்பது மத்திய அரசின் சகி திட்டம், 2015 ஏப்ரலில் தொடங்கியது, மாவட்டந்தோறும் உண்டு. வைத்தியம், ஆலோசனை, வக்கீல், போலீசுக்குத் துணை, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் அதன் பேருக்கு அர்த்தம். தங்கல் 5 நாள் வரை. அதற்கு மேல் தேவைப்பட்டால் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். கூட வரும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, அதனால் பையன் வளர்ந்தவன் என்றால் போகும் முன்பே 181-இல் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளப் பக்கத்தில் இதோடு குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழு அமைப்பின் சினேகிதா உதவி மையமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் இங்கே போலீஸ் வழக்கு எழுதிவிட மாட்டார்கள் என்பது பலருக்கும் நிம்மதி தரும் விஷயம். ஒரே பெரிய விதிவிலக்கு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி அவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும்.

மற்ற வழிகள் எல்லாம் "முதலில் புகார், பிறகு பார்க்கலாம்" என்று ஓட, இது மட்டும் "முதலில் படுக்க இடம், பிறகு புகார்" என்று நகர்கிறது. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு முதல் கதவாக இதையே சொல்கிறோம்.

மகளிர் காவல் நிலையம்

காயம், வரதட்சணைக் கொடுமை, கொலை மிரட்டல் இருந்தால் போலீஸ்தான் வேகமான வழி. இப்போதே அடி விழுகிறது என்றால் 112. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு (பழைய 498-ஏ). 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அடி விழுந்தது வண்டன்மேட்டில், நீங்கள் நிற்பது உத்தமபாளையத்தில் என்றாலும் புகாரை வாங்கியாக வேண்டும். வேறு ஊர் நிலையத்துக்கு உரியதென்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அங்கே அனுப்புவார்கள். புகலிடம் தேடி வந்த ஊரிலேயே 498-ஏ வழக்கு நடத்தலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "இது கேரளா கேஸ், அங்க போம்மா" என்று அனுப்பினால் அது சட்டம் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய காகிதம் சி.எஸ்.ஆர். தமிழ்நாட்டில் மனு கொடுத்ததும் முதலில் கையில் வருவது பெரும்பாலும் அந்த ரசீதுதான். அது மனு வந்து சேர்ந்ததற்கான சான்று, வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். சி.எஸ்.ஆரை வழக்கென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறைய. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை ஸ்பீட் போஸ்ட்டில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

பெரிய ஏமாற்றம் வேறொன்றில் காத்திருக்கிறது. புகார் கொடுத்தால் அவரை உள்ளே தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்துப் போகிறார்கள். 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் கைது தானாக நடக்காது. நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்லி, விசாரித்து, பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். காலையில் மனு கொடுத்தால் சாயங்காலம் அவர் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புவார், அவமானப்பட்ட கோபத்தோடு. அந்த நேரம் நீங்கள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. போலீஸ் வழி மோசம் என்று சொல்லவில்லை, படுக்க இடம் முடிவான பிறகு போக வேண்டிய வழி.

கேரள நிலையத்தில் கொடுத்தால் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படும். தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே தமிழில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பாதுகாப்பு அலுவலரும் மாஜிஸ்திரேட்டும்

சிறைக்கு அனுப்புவது நோக்கமில்லை, அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் இதுதான் வழி. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கேரளத்தில் பெண்கள்–குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அவர் மூலமாகத்தான் போக வேண்டும் என்றில்லை, நீங்களே நேரடியாகவும் 12-ஆவது பிரிவில் மனு போடலாம்.

ஒரே மனுவில் கிடைக்கக்கூடியவை: நெருங்கக்கூடாது, போன் செய்யக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது, அல்லது வேறு வீட்டுக்கு வாடகை கொடு என்ற உத்தரவு. மாதச் செலவு, வைத்தியச் செலவு, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்வது, நஷ்டஈடு. நகை, சீர் சாமான் திரும்பக் கேட்பதும் இதே மனுவில்தான். ஆபத்து உடனடியானது என்று பிரமாணப் பத்திரத்தில் விவரமாகச் சொன்னால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தரலாம். இந்தப் பத்தியைத்தான் பல மனுக்கள் "என்னைக் கொடுமைப்படுத்தினார்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. தேதி, நேரம், எந்த அறை, எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள் என்று கடைசி மூன்று சம்பவங்களாவது வேண்டும்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அதனாலேயே இடைக்கால உத்தரவு முக்கியம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வக்கீலுக்குக் காசில்லை என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. 15100-க்கு அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரே போகலாம்.

மலைக்கு மேலேயா, கீழேயா?

நீங்கள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கும் ஊர், வேலை செய்யும் ஊர், அவர் இருக்கும் ஊர், சம்பவம் நடந்த ஊர்: எதிலும் இந்த மனுவைப் போடலாம். எங்கே வாங்கிய உத்தரவும் இந்தியா முழுக்கச் செல்லும். ஜீவனாம்ச மனுவையும் நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம், 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தொகை மனுப்போட்ட தேதியிலிருந்து கணக்காகும்.

அதனால் முடிவு உங்கள் பிழைப்பைப் பொறுத்தது. எஸ்டேட் வேலை உங்கள் பேரில் இருந்து, அதை விட முடியாது, லயத்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் பீர்மேடு, நெடுங்கண்டம் போன்ற கேரள நீதிமன்றம்தான் சரி. உத்தரவை அமல்படுத்தும் போலீஸ் பக்கத்தில் இருக்கும். கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, தயங்க வேண்டாம். கீழே இறங்கி வந்துவிட்டீர்கள், திரும்பும் எண்ணமில்லை என்றால் உத்தமபாளையம் போன்ற இந்தப் பக்கத்து நீதிமன்றம். வாய்தாவுக்கு வாய்தா மலை ஏற வேண்டாம், வழியில் அவர் மடக்குவார் என்ற பயமும் இல்லை. விலை என்னவென்றால் நேரம்: நோட்டீஸ் மாநிலம் தாண்டிப் போய்ச் சேரவும், அவர் வராவிட்டால் வாரண்டை நிறைவேற்றவும் அதிக நாள் ஆகும். முழு முகவரி, எஸ்டேட் பேர், டிவிஷன், லயத்து எண், வேலைக்குப் போகும் இடம் எல்லாம் மனுவில் இருந்தால் அந்தத் தாமதம் குறையும். ஊர்ப்பேர் மட்டும் எழுதிய நோட்டீஸ் மலையில் அலைந்துவிட்டுத் திரும்பி வரும்.

கிளம்பும் முன்

கிளம்பும் நாளும் அதை ஒட்டிய வாரங்களும்தான் அதிக ஆபத்தானவை. "நான் போகப் போகிறேன்" என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள், கோபத்தில்கூட.

பையை வீட்டில் வைக்க வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நகை போட்ட கல்யாணப் போட்டோ, நகை பில், அடகு ரசீது. அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் போட்டோ எடுத்து நம்பகமானவர் போனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். அழித்த படம் குப்பைக் கூடையில் சில நாள் கிடக்கும், அங்கும் போய் அழிக்க வேண்டும்.

அம்மாவோடு ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதும் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும்: "அம்மா, சுகர் மாத்திரை வாங்கியாச்சா?" என்றால் போலீசைக் கூப்பிடு என்று அர்த்தம். சண்டை மூளும்போது அடுப்படியிலும் குளியலறையிலும் போய் நிற்காதீர்கள். ஒன்றில் கத்தி இருக்கும், மற்றதில் வெளியேற வழி இருக்காது.

போன்தான் பெரும்பாலானவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைப் பாருங்கள், அவர் போனோ கணினியோ இருந்தால் உங்கள் பேச்செல்லாம் அங்கே ஓடுகிறது. உங்கள் போனில் இருக்கும் கூகுள் கணக்கை அவர்தான் திறந்து கொடுத்தார் என்றால் நீங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். கிளம்பும் முன்பே இவற்றை நிறுத்தினால் சந்தேகம் வரும். உதவிக்கான அழைப்புகளை அடுத்த வீட்டுப் பெண்ணின் போனில் செய்துகொண்டு, கிளம்பிய பிறகு போனை அணைத்துவிடுங்கள். பிறகு புது சிம், புதுக் கணக்கு. மிரட்டல் செய்தி உள்ள பழைய போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம், அது சாட்சி.

பேங்க் கணக்கில் பதிந்திருப்பது அவர் எண் என்றால், தேனியில் ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுத்தாலும் அந்த நிமிடமே அவருக்குக் குறுஞ்செய்தி போகும். ஜிபேயும் அப்படியே. சில்லறை நோட்டாகக் கொஞ்சம் சேர்த்து வைத்திருங்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் ஏறாமல் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏறுங்கள். உங்கள் ஊர் ஜீப் டிரைவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

பிள்ளைகளின் டி.சி.க்காக அங்கே காத்திருக்க வேண்டாம். 8-ஆம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. புதுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சேர்க்கும் அன்றே ஒரு தாள் கொடுங்கள்: பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம், யாரிடம் விடக்கூடாது என்று பேர் எழுதி. பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.